வேம்பு பிடித்த கொடுவா

எண்ணூர் கழிமுகத்தில் வெயில் சரிகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கியின் நிழல் தண்ணீரில் நீளமாகக் கிடக்க, அதைத் தாண்டி ஒரு சின்ன ஃபைபர் படகு ஆடுகிறது. பக்தவச்சலத்தின் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. இடது கையால் துடுப்பைப் பிடித்திருக்கிறான். தூண்டில் இன்று அவன் மனைவி வேம்புவிடம். பொம்பளை ஏறின படகில் மீன் ஏறாது என்று கரையில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

திடீரென்று தூண்டில் நரம்பு விறைக்கிறது. பெரிய கொடுவா மீன். நீரைக் கிழித்து ஒருமுறை துள்ளி, தலையை உதறி, ஆற்றின் குறுக்கே போகும் அனல்மின் நிலையச் சாம்பல் குழாயைத் தாங்கும் தூண்களை நோக்கி ஓடுகிறது. தூணெல்லாம் சிப்பி, உரசினால் நரம்பு அறுந்துவிடும்.

“வுட்ரு வேம்பு, கையக் கிழிச்சிரும்!”

“கிழிக்கட்டும். நீ படகத் திருப்புய்யா!”

அவன் துடுப்பை அக்குளில் இடுக்கி, உடம்பையே சாய்த்துத் திருப்புகிறான். அவள் முந்தானையை உள்ளங்கையில் சுற்றி, பலகையில் கால் ஊன்றி, பிடி பிடியாக இழுக்கிறாள். துணியில் ரத்தம் ஊறுகிறது. அவள் பார்வை தூண்டில் நரம்பை விட்டு நகரவில்லை. கடைசியில் வெள்ளி வயிறு படகோரம் புரள்கிறது. அவன் குனிந்து ஒற்றைக் கையால் அதன் தாடையைப் பற்றித் தூக்கிப் போடுகிறான். படகு அதிர்கிறது. இருவருக்கும் மூச்சு வாங்குகிறது.

“இத்தோட போதும்மே. நாளிக்கி யாரையாச்சும் கூட்டியாறேன்.”

வேம்பு ரத்தக் கையை ஆற்றில் அலசிவிட்டு, அடுத்த இறாலைக் கொக்கியில் குத்துகிறாள்.

“நாளிக்கும் நான்தாய்யா வருவேன்.”