மாற்றாத டேப்லெட்

"அண்ணே, அந்தப் பழசைக் கொஞ்சம் குடுங்க" என்று பேக்கிங் பிரிவுப் பெண் குசுகுசுவெனக் கேட்டாள்.

ஸ்டோர் கீப்பர் கையுறைப் பெட்டிக்கு அடியிலிருந்து டேப்லெட்டை உருவினார். சரக்குக் கணக்கு முதல் லீவு வரை எல்லாமே அதில்தான் போட வேண்டும். கிடங்கில் உள்ள எல்லா டேப்லெட்டையும் புதுப் பதிப்புக்கு மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகம் உத்தரவு போட்டு ஒரு வாரமாகிறது. புதுசில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறந்தது. அதனால் இதை மட்டும் அவர் மாற்றாமல் ஒளித்து வைத்திருந்தார்.

அப்போது கழுத்தில் தலைமை அலுவலக அட்டை தொங்க ஒருவர் உள்ளே வந்தார். டேப்லெட் மறுபடி பெட்டிக்கு அடியில் போனது. அந்தப் பெண் இடத்தைக் காலி செய்தாள்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு சார்."

"ஒண்ணுகூடப் பழசு இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிடத் திட்டு வாங்குவதே மேல் என்று ஸ்டோர் கீப்பர் டேப்லெட்டை எடுத்து நீட்டினார்.

"தப்புத்தான் சார். மன்னிச்சிடுங்க."

வந்தவர் கதவைச் சாத்தினார்.

"அப்பாடா! இதுக்காக நாலு கிடங்கு ஏறி இறங்கிட்டேன். நாளைக்கு லீவு போடணும். புதுசுல அதை எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல."

ஸ்டோர் கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"புதுசைச் சொல்லித்தர நாளைக்கு உங்க ஆபீஸ்லருந்து ஒருத்தர் வர்றாராமே சார். அவரைக் கேட்டா காட்டிட மாட்டாரா?"

"அந்த ஒருத்தரே நான்தாங்க" என்றபடி வந்தவர் லீவு பட்டனை அழுத்தினார்.