ஐந்து முறை தோற்றவள்

இந்த அநியாயத்தைச் சற்று வந்து பாருங்கள், பெருமக்களே! நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே, முதியோர் கல்வி வகுப்பில், பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்த பேச்சியம்மாளை எல்லோர் முன்பும் நிற்க வைத்திருந்தார் கல்வி ஆய்வாளர் வெங்கட்ரமணன்.

"ஒரே பரீட்சையில அஞ்சு வருஷமா ஃபெயில். உன்னோட சேர்ந்தவங்க எல்லாரும் பாஸாகிப் போயாச்சு. உனக்கு அலுக்கலையாம்மா?"

"அலுக்கலைங்கய்யா. நாளைக்கும் வாரேன்."

"வந்து? பாய்தான் தேயும்!"

வகுப்பு சிரித்தது. இத்தனை தோல்விக்குப் பிறகும் ஒருத்திக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. வீண் பிடிவாதம் என்று முடிவு கட்டி, பதிவேட்டில் அவள் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்கய்யா!" என்று பதறி வந்தவள், மேசையில் கிடந்த சுற்றறிக்கையை எடுத்துத் தடங்கலின்றி வாசித்தாள்: "முப்பது பேருக்குக் குறைந்தால் வகுப்பு மூடப்படும்."

வெங்கட்ரமணன் திகைத்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"மொத வருசமே தெரியும்யா. வருசா வருசம் வீடு வீடாக் கூப்பிட்டும், என்னைய விட்டா இருபத்தொம்பது பேருதான் சேருறாக. நான் பாஸாகிப் போயிட்டா இவளுக எங்க படிப்பாளுக? அதான் தப்பா எழுதுறேன்."

அவர் பெயரை அடிக்கவில்லை. அதற்கு எதிரே, 'தேர்ச்சி இல்லை. தொடர்ந்து பயில்வார்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

கற்றவள் தோற்றால்தான் கல்லாதவள் கற்க முடியும் என்றால், அது யார் குற்றம்? எழுந்திருங்கள்! உங்கள் தெருவில் படிக்காத ஒருத்தியை இன்று மாலையே வகுப்பில் சேருங்கள். பேச்சியம்மாள் தேர்ச்சி பெறட்டும்!