ஏரிக்குள் ஒரு தெருவிளக்கு

ஏரியின் நட்டநடுவில் ஒரு தெருவிளக்கு நின்றுகொண்டிருந்தது.

கணினித் திரையில்தான். ஊரில் உள்ள விளக்குக் கம்பங்கள் எல்லாம் மஞ்சள் புள்ளிகளாகத் தெருவோரம் ஒழுங்காக வரிசை கட்டியிருக்க, ஒன்றே ஒன்று மட்டும் கரையை விட்டு இறங்கி, நீலத்துக்குள் போய் நின்றுகொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

"என்னம்மா, மீனுங்க ராத்திரியில படிக்கறதுக்கா?" என்றார், பின்னால் வந்து நின்ற மேலாளர். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா உன் பைத்தானைக் கூடைக்குள்ள போட்டு மூடிடு. பழையபடி கையாலயே புள்ளி வெச்சுக்கலாம்."

கையால் புள்ளி வைப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். போன வருடம் முழுக்க அதைத்தான் செய்தாள். கண் எரிச்சலும் கழுத்து வலியும்தான் மிச்சம். அதிலிருந்து தப்பிக்க, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்காக உட்கார்ந்து, பெயரிலேயே மலைப்பாம்பை வைத்திருக்கும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் இது. சர்வேயர் கம்பத்தடியில் நின்று அலுவலகக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். எடுத்த இடம் தானாகப் பதிவாகும். ஸ்கிரிப்ட் அதை வாங்கி வரைபடத்தில் விளக்காக்கிவிடும்.

இது தப்பே பண்ணாது சார் என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அவள்தான் சொல்லியிருந்தாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏற்கெனவே நாள் சரியில்லை. காலையில் பச்சைத் துப்பட்டாவைத் தேடி அலமாரியையே தலைகீழாக்கியிருந்தாள். "உன்னோடத நான் எதுக்குக்கா எடுக்கப்போறேன்?" என்று தேன் ஒழுகக் கேட்டுவிட்டு, தங்கை நூலகத்துக்குப் பறந்துவிட்டாள். பரீட்சை நெருங்க நெருங்க அவளுக்கு நூலகம்தான் வீடு.

துப்பட்டாவை மறந்துவிட்டு, ஸ்கிரிப்டை வரிவரியாக ஓடவிட்டாள்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டனவா? மாறியிருந்தால் விளக்கு வேறு ஏதோ நாட்டில் போய் எரிந்திருக்கும். வரைபடத்தின் அளவுமுறை பொருந்தவில்லையா? அப்படியென்றால் ஊரே சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். தசம எண்ணில் கடைசி இலக்கம் ஏதாவது உதிர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. எல்லாம் சமர்த்தாக இருந்தன.

சர்வேயருக்குப் போன் போட்டாள். தங்கமான பையன். ஒரு கம்பம் விட்டுப்போனாலும் வெயிலில் திரும்ப ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடச் சந்தேகம் கேட்க வீடு தேடி வரும் அளவுக்குக் கடமை உணர்ச்சி.

"ஏரிக்குள்ளயா?" என்றவன் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குத் தண்ணின்னாலே பயம் மேடம். உங்க ஸ்கிரிப்ட்லதான் ஏதோ கோளாறு. அந்த ஒரு புள்ளிய அழிச்சு விட்ருங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

கோளாறு என்றது சுருக்கென்று தைத்தது. அழித்துவிடுங்கள் என்றது அதற்கு மேல். போன மாதம் ஒரு புள்ளியை நீக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, எடுத்தது எடுத்ததுதான் என்று மல்லுக்கு நின்றவன் இவன்.

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி தூங்கிக்கொண்டிருந்தது. படங்களை இறக்கும் வரி. ஓட்டம் மெதுவாகிறது என்று அவளே அதன் முன்னால் # குறி போட்டு முடக்கி வைத்திருந்தாள். குறியை எடுத்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

ஏரிக்குள் இருந்த புள்ளியின் மேல் சொடுக்கினாள். படம் விரிந்தது.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். பிறகு, மேலாளர் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று படத்தை மூடினாள்.

ஸ்கிரிப்ட் தப்பே பண்ணவில்லை. எங்கே நின்று படம் எடுத்தார்களோ அங்கேயே புள்ளி வைத்திருந்தது. நின்று அல்ல, படகில் மிதந்து. அவசரத்தில் சொந்தக் கைப்பேசிக்குப் பதிலாக அலுவலகக் கைப்பேசியை எடுத்திருக்கிறான் கடமை வீரன்.

நிரூபிக்க ஒரு சொடுக்கு போதும். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினால் அந்த மீன் கிண்டலை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். சுட்டியின் மேல் விரல் துடியாய்த் துடித்தது.

விரலை அடக்கிக்கொண்டு, ஸ்கிரிப்டில் புதிதாக ஒரு கட்டளை சேர்த்தாள். தண்ணீருக்குள் விழும் புள்ளிகளை வரைபடத்தில் வைக்காதே. படத்தோடு எனக்கு மட்டும் அனுப்பு.

"தப்பு என்னோடதுதான் சார். ஒரு வரி விட்டுப்போச்சு." சொல்லும்போது நாக்கு கசந்தது.

மேலாளர் குனிந்து பார்த்தார். ஏரி வெறும் ஏரியாக இருந்தது. "அப்போ பாம்பு பொழச்சுக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவர் கதவு சாத்தும்வரை காத்திருந்து, மறுபடி போன் போட்டாள்.

"புள்ளிய எடுத்தாச்சு தம்பி."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்!" போன உயிர் திரும்பி வந்த குரல்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சந்தேகம் கேக்க வரும்போது உங்க அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுலயும் கேக்கறதுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கு."

 மறுமுனையில், அவனுக்கு மிக அருகில், ஒரு பெண் 'ஐயோ' என்று கிசுகிசுத்தது கேட்டது.

"அப்புறம், பக்கத்துல இருக்கறவகிட்ட சொல்லுங்க. துப்பட்டா காஞ்சதும் எடுத்த இடத்துலயே வெச்சிடணும்."