கத்தாத மெஷின்

மூச்சு இயந்திரத்தின் திரையில் பச்சைக் கோடு பாதி மேடேறி அப்படியே உறைந்திருந்தது. பழுதைப் பார்த்துவர நிறுவனம் செண்பகவல்லியை அனுப்பியிருந்தது. அதன் அபாயமணிக்கு மென்பொருள் எழுதியவள் அவள்தான்.

மணி அடிக்கும் முன் மென்பொருளுக்குத் துளி நினைவகம் வேண்டும். இயந்திரத்திடம் அதைக் கேட்டு வாங்க இரண்டு வழி. ஒன்று, இடம் காலியாகும்வரை காத்திருக்கும். மற்றது காத்திருக்காது; இடமில்லையென்றால் உடனே கைவிரித்துவிடும். இம்மாதிரி அவசரத்தில் காத்திருக்கவே கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால், "கைவிரிச்சா அப்புறம் என்ன பண்ணுவே?" என்று கேட்டிருந்தார் குழுத் தலைவர் ஆசீர். அதற்கு ஒரு பதில் யோசித்து எழுதுவதைவிட, காத்திருக்கச் சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது. சோதனைக்கூடத்தில் நினைவகம் எப்போதும் தாராளமாகக் கிடந்ததால் மணி ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த வார்டில் இயந்திரம் மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடியதில் நினைவகம் நிரம்பிப்போயிருந்தது. மணிக்கான மென்பொருள் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

கட்டில் காலி. பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண் செண்பகவல்லியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இது கத்தினா ஓடியாந்து கூப்பிடுங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான் கண்ணுகூட மூடலம்மா. இது கத்தவே இல்ல. நல்லா மூச்சு விடுறாருன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரர் கையைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தேன்."

செண்பகவல்லி இயந்திரத்தை அணைக்கக் கை நீட்டினாள்.

"அணைச்சுடாதீங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "இப்பவாச்சும் கத்துதான்னு பாக்குறேன்."