பெயர் கிழித்த குழாய்கள்

விபத்துப் பிரிவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார்கள். மற்ற சோதனைகளுக்கு எடுத்து மிஞ்சிய ரத்தம்தான். குழாயிலிருந்து பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு எண் ஒட்டவேண்டும். மூன்று வாரத்தில் ஆய்வகத்துச் சகாயமேரி முந்நூறு குழாய்களைச் சோதித்திருந்தாள். ஆறில் தொற்று இருந்தது. ஐந்து யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது. ஆறாவது, குழந்தைகளுக்கான சின்னக் குழாய். முந்நூறில் அப்படிப்பட்டது அது ஒன்றுதான்; முந்தாநாள் பஸ் கவிழ்ந்து வந்த சீனியம்மாளுக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தி, கொஞ்சமே வந்த ரத்தத்தைச் சகாயமேரியே அதில் எடுத்திருந்தாள்.

சீனியம்மாளிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். "சொல்ல முடியாதும்மா. அவங்களக் கேட்டு நாம செய்யல," என்றார் டாக்டர், கண்களைத் தேய்த்தபடி.

சீனியம்மாளுக்கு அன்று மதியம் டிஸ்சார்ஜ். கணவர் அழைத்துப்போக வந்திருந்தார்.

சகாயமேரி வார்டுக்குப் போய் முதல் கட்டிலில் தொடங்கினாள்.

"கீழ நம்பிக்கை மையத்துல எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துக்குங்க. எல்லாருக்கும் சொல்றோம்."

ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் திட்டினார். அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பதினேழாவது கட்டிலுக்கு வந்தபோது அவளுக்குத் தொண்டை காய்ந்திருந்தது.

சீனியம்மாள் முழுவதையும் கேட்டாள். "என்னைய மட்டுமா கூப்புடுறீக?"

"இல்லக்கா. மொதக் கட்டில்லேருந்து சொல்லிட்டுத்தான் வர்றேன்."

சீனியம்மாள் வரிசையைப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் கட்டுப் போட்ட கையை ஊன்றாமல் மெல்ல எழுந்தாள்.

"நீங்களும் வாங்க, ரெண்டு பேருமா பாத்துட்டுப் போயிருவோம்," என்றாள் கணவரிடம்.

அவளுடைய செருப்பைத் தேடக் கட்டிலுக்கடியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.