செண்பகத்துக்குப் பிடித்தது

"செண்பகத்துக்கு என்னட்டி பிடிக்கும்?" என்று நாத்தனார் கேட்டாள்.

பெற்ற மகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் எந்தத் தாயும் யோசிக்க மாட்டாள். அவள் யோசித்தாள். கையில் தேங்காயோடு, அடுப்படி வாசலில் நின்று, முழுசாக ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அதிரசம்," என்றாள் கடைசியில்.

"அது கதிரேசனுக்குல்லா பிடிக்கும்?" என்றாள் நாத்தனார் ஆவுடையம்மாள்.

ஆமாம். அது மகனுக்கு.

ரவா லட்டு? அதுவும் மகனுக்கு. உளுந்தவடை புருஷனுக்கு. இருபத்தேழு வருஷம் இந்த வீட்டில் ஆக்கிப் போட்ட கை. யாருக்கு என்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

செண்பகத்துக்கு?

செண்பகம் வைத்ததைத் தின்பாள். வாயே திறக்க மாட்டாள். தங்கமான பிள்ளை என்று அவளே ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறாள்.

போன வருஷம் இதே நாளில், டியூஷனுக்கு மாடிப்படி ஏறும்போது செண்பகம் விழுந்தாள். பதினாறு வயசு. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு என்றார்கள். பாழாய்ப்போன கோளாறு, பதினாறு வருஷமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறது. அதுவும் அவளைப் போலத்தான்.

கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. சாமி. வருஷம் திரும்பினால் படையல் போட வேண்டும். பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், கண்மை எல்லாம் புதுசாக வாங்கி ஓலைப்பெட்டியில் அடுக்கியாயிற்று. உயிரோடு இருந்தபோது தீபாவளிக்குக்கூட அவளுக்கு இத்தனை வாங்கியதில்லை.

"அவளுக்குப் பிடிச்சது ஒண்ணாவது இலையில இருக்கணும், கேட்டியா. கன்னி மனசு குளிரலன்னா கதிரேசனுக்கு ஒரு இடமும் அமையாது," என்றாள் ஆவுடையம்மாள்.

அதானே. இதுவும் கதிரேசனுக்காகத்தான்.

கூடத்தில் பெண்கள் செண்பகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன அடக்கம், என்ன பொறுமை, வீட்டில் இருக்கிற இடமே தெரியாது. ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். ஒரு வருஷத்தில் அதற்கு மேல் யாருக்கும் நினைவில்லை.

செண்பகத்தோடு படித்த ஜெனிட்டா மட்டும் தனியாகச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாய்க்காரி கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

கேட்க வெட்கமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கேட்டாள்.

ஜெனிட்டா யோசிக்கவே இல்லை.

"கோழிக்கால், அத்தை. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தா எங்கம்மா அவளுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருவாங்க. எலும்பு வெள்ளையாகுற வரைக்கும் விட மாட்டா."

சொல்லும்போதே அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"'எங்க வீட்டுக் கோழிக்குக் காலே கிடையாது'ம்பா. எங்கம்மா விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

அவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

மகள் இப்படி வேடிக்கையாகப் பேசுவாள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

கோழிக்கு இரண்டு கால். இரண்டும் கதிரேசனுக்கு. வளருகிற பையன் என்று ஆரம்பித்தது. இருபத்தாறு வயசாகிறது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

உள்ளே வந்து நாத்தனாரிடம் மெல்லச் சொன்னாள்.

"கன்னிக்குக் கவுச்சியா? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சாட்டி உனக்கு? பேசாம சர்க்கரைப் பொங்கலை வையி."

வைத்தாள்.

சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார்கள். கதிரேசன் தங்கச்சி போட்டோவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். நல்ல இடமாக அமைய வேண்டுமே.

மறுநாள் ஞாயிறு. சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போயிற்று.

அவளே கறிக்கடைக்குப் போனாள். கோழிக்காலை வெட்டாமல் முழுசாகப் போடச் சொன்னாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சாமிக்குத்தானே ஆகாது? நான் சாமிக்கு வைக்கவில்லை. என் பிள்ளைக்கு வைக்கிறேன். யார் கேட்பது?

சின்ன வெங்காயம் உரித்துப் போட்டு, மிளகு அரைத்து, நின்று நிதானமாகச் சமைத்தாள். ஒன்று கதிரேசனுக்கு. ஒன்று செண்பகத்துக்கு. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கே பசித்தது.

"அம்மா, சோறு."

கதிரேசனுக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். புருஷனுக்கும் போட்டாள். பிறகு அடுப்படிக்குத் திரும்பி, துண்டு இலை ஒன்றைக் கழுவித் துடைத்து விரித்தாள். சட்டியில் கரண்டியை விட்டாள்.

கழுத்து வந்தது.

ஈரல் வந்தது.

அடிவரை துழாவினாள். குழம்பு கையில் தெறித்துச் சுட்டது. நெஞ்செலும்பு வந்தது. அவ்வளவுதான்.

ஓடி வந்து பார்த்தாள்.

கதிரேசன் தட்டோரத்தில் ஒரு கால் எலும்பு கிடந்தது. இன்னொன்று அவன் கையில் இருந்தது. பாதி கடித்திருந்தான்.

அவன் எடுக்கவில்லை. அவன் கேட்கக்கூட இல்லை. அவள்தான் போட்டிருக்கிறாள், இரண்டையும். எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் நிமிர்ந்தான்.

"என்னம்மா அப்படிப் பாக்க? நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

ஊற்றினாள்.