பொந்துக்குள் போன டப்பா

போன மழைக்காலத்துச் சளியில் கிழட்டுக் குரங்கு சடையன் செத்துப் பிழைத்தது. அதனால் இந்த வருஷம், மலையேற வந்த ஒருவரின் பையிலிருந்து வைட்டமின் டப்பாவைப் பறித்துவந்தது. முப்பது மாத்திரை. தினம் ஒன்று தின்றது.

ஒன்பதாம் நாள் மாலை மழை கொட்டியது. பொந்தோ சின்னது. மாத்திரை நனையக்கூடாதென்று டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, சடையன் வெளியே குந்தியது.

பக்கத்துப் பொந்திலிருந்து கிழவி செம்பி கத்தியது: "யோவ், டப்பாவுக்கு மூடி இருக்கு. உனக்கு என்னய்யா இருக்கு?"

"எனக்குத்தான் ஒன்பது நாள் சக்தி உள்ள இருக்கே!"

விடிந்ததும் சடையன் தும்மிய தும்மலில் கிளையே ஆடியது.

"பிடிச்சிருச்சா சளி?" என்றது செம்பி.

சடையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டப்பாவைத் திறந்து எண்ணியது.

"இருபத்தோரு மாத்திரையும் காஞ்சு கிடக்கு. ஒண்ணுக்குக்கூட எதுவும் ஆகல."